புதிதாக வாங்கிய கினி பிக் தும்முகிறது, வெறும் சளிதானா?

கேள்வி: மகள் ஆசைப்பட்டாள் என்று சந்தையில் இரண்டு கினி பிக் குட்டிகள் வாங்கி ஒன்பது நாள் ஆகிறது. எங்களுடையது ஹவுசிங் போர்டு வீடு. முன்பே ஒரு முயல் வளர்க்கிறோம், மூன்றும் பால்கனியில் அடுத்தடுத்த கூண்டில் இருக்கின்றன. நான்கு நாளாகப் பழுப்புக் குட்டி தும்முகிறது. நேற்றிலிருந்து மூச்சு விடும்போது 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது. கொத்தமல்லியை மட்டும் கொறிக்கிறது, பெல்லட்டை (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) தொடவில்லை. மகளுக்குக் கொடுத்த அமாக்சிசிலின் சிரப் மீதி இருக்கிறது. அதில் இரண்டு சொட்டு கொடுக்கலாமா?
வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, அந்த சிரப்பை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகள் எல்லாமே கினி பிக்குக்கு ஆகாது, அமாக்சிசிலினும் அந்த வகைதான். புல்லைச் செரிக்க வைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அதன் குடலில் இருக்கின்றன. இந்த மருந்து அவற்றை அழித்துவிடும். அந்த இடத்தில் கெட்ட கிருமி பெருகி நஞ்சைக் கக்கும், கழிச்சல் கண்டு சில நாளிலேயே செத்துப்போகும். வியாசர்பாடியில் ஒரு வீட்டில் நான் போய்ச் சேர்வதற்குள் அப்படித்தான் முடிந்திருந்தது. சளி கொன்றிருக்காது, பாசத்தோடு ஊட்டிய மருந்து கொன்றுவிட்டது. அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது வெறும் தும்மல் இல்லை. வைக்கோல் தூசிக்கு நாளுக்கு இரண்டு மூன்று தடவை தும்மினால் பயப்பட வேண்டாம். ஆனால் தும்மலோடு மூச்சில் சத்தமும், தீனி குறைவதும் சேர்ந்துவிட்டால் கிருமி நுரையீரலுக்கு இறங்கிவிட்டதோ என்றுதான் சந்தேகப்பட வேண்டும். இந்தப் பிராணி சளியிலிருந்து நிமோனியாவுக்குப் போக அதிக நாள் எடுப்பதில்லை. இரையாகும் பிராணி என்பதால் நோயை மறைக்கத் தெரிந்தது. நம் கண்ணுக்குச் சோர்வு தெரிகிற நேரத்தில் பாதி நோய் கடந்திருக்கும்.

இப்போதே குட்டியை மடியில் வைத்துப் பாருங்கள். முன்னங்கால்களின் உள்பக்கத்து முடியைத் தடவுங்கள். மூக்கு ஒழுகினால் அது கையாலேயே துடைத்துக்கொள்ளும், அந்த முடி பிசுபிசுத்து, காய்ந்து திரிதிரியாக இருக்கும். மூக்கு சுத்தமாகத் தெரிந்தாலும் கால் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து விலாப் பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். காய்ந்த சருகை மிதிப்பது போல மொறுமொறுவென்று கேட்டால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். பிறகு அதைக் கூண்டில் விட்டு, அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது 15 விநாடிக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 40 முதல் 100 வரை இருக்கலாம். எண்ணிக்கையைவிட மூச்சு விடும் விதம்தான் முக்கியம்: ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்வாங்கி, உடம்பே ஆடுகிறதென்றால் அது திணறல். கினி பிக் மூக்கால் மட்டுமே மூச்சு விடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

கண்ணில் எப்போதாவது பால் போல வெள்ளையாக ஒன்று வந்து, அதை வைத்து முகம் கழுவிக்கொள்ளும். அது இயல்பு. மஞ்சளாகப் பொருக்குத் தட்டினால் நோய். முடி சிலிர்த்துக்கொண்டு பந்து போல மூலையில் உட்கார்வதும், கீரைக் கவர் சரசரத்தால் வழக்கமாகப் போடும் விசில் நின்றுபோவதும் அப்படியே. சித்திரை வெயிலில் மதியம் திடீரென்று மல்லாந்து, எச்சில் வடித்து மூச்சு வாங்கினால் மட்டும் கதை வேறு, அது வெப்ப அயர்ச்சி. ஈரத்துணியால் குளிர்வித்துக்கொண்டே தூக்கிப் போக வேண்டும்.

இனி முயலுக்கு வருகிறேன். போர்டெடெல்லா என்ற கிருமியை முயலும் நாயும் எந்த அறிகுறியும் இல்லாமல் மூக்கில் சுமந்திருக்கும். அதே கிருமி கினி பிக்குக்கு நிமோனியாவைக் கொண்டுவரும். உங்கள் முயல் கொழுகொழுவென்று நன்றாக இருப்பதே அது காரணமில்லை என்று சொல்லப் போதாது. சந்தையிலேயே தொற்றியிருக்கலாம், அதை இப்போது கண்டுபிடித்துப் பயனில்லை. முயலை வேறு அறைக்கு மாற்றுங்கள். நோயுற்ற குட்டியையும் தனிக் கூண்டில் வையுங்கள், ஜோடியின் குரல் கேட்கிற தூரத்தில். புதிதாக எதை வாங்கினாலும் மூன்று வாரம் தனி அறை. பக்கத்துக் கூண்டு தனி ஆகாது, தும்மல் கம்பியைத் தாண்டும்.

பால்கனியும் வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலை கண்டெய்னர் லாரிப் புழுதி தண்டையார்பேட்டை பால்கனிகளில் எப்படிப் படியும் என்று துணி காயப்போடுகிற உங்களுக்குத் தெரியாததல்ல. உள்ளே, மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடம் போதும். ஆனால் அந்த அறையில் கொசுவத்திச் சுருள், வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தாளிப்புப் புகை எதுவும் கூடாது. மார்பில் தைலம் தடவுவதும் வேண்டாம். கூண்டில் மரத்தூள் போட்டிருந்தால் எடுத்துவிட்டுப் பழைய பருத்தித் துண்டு விரித்துத் தினமும் மாற்றுங்கள். சிறுநீர் நாற்றம் நம் மூக்கை எட்டுவதற்கு முன்பே அதன் நுரையீரலை அரித்திருக்கும்.

நம்மைப் போலவே கினி பிக்கின் உடம்பும் வைட்டமின் சி தயாரிக்காது. தினமும் ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை, நோயில் மேல்கணக்கைக் கொடுக்கலாம். குட்டிக்குக் கட்டைவிரல் நுனியளவு கொய்யாத் துண்டு போதும், அல்லது சிறிது துருவிய நெல்லிக்காய். முயல் பெல்லட்டை இதற்கும் போடுகிறீர்களானால் நிறுத்துங்கள், அதில் இந்த வைட்டமின் இருக்காது. தண்ணீரில் கலப்பதும் வீண், சீக்கிரம் சிதைந்துவிடும்.

இன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டுகிற தூரம்தான். எங்கே போனாலும் "பென்சிலின் வகை இதற்கு ஆகாதே, டாக்டர்" என்று நீங்களே சொல்லுங்கள். நாயையே அதிகம் பார்க்கிறவர்களுக்கு அந்த நினைவூட்டல் உதவும். அட்டைப் பெட்டியில் துளை போட்டு, துண்டு விரித்து, இரண்டு குட்டிகளையும் சேர்த்தே கொண்டு போங்கள். வழியில் புல்லும் கொத்தமல்லியும் வையுங்கள். அரை நாள் வயிறு காலியாக இருந்தாலே குடல் ஓட்டம் நின்றுவிடும்.

புறப்படும் முன் சமையலறைத் தராசில் இரண்டையும் எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான், மருந்தளவும் அதை வைத்துத்தான். பிறகு தினமும் காலையில் அதே நேரத்தில் எடை போடுங்கள். மூச்சுச் சத்தம் குறைந்தும் எடை இறங்கிக்கொண்டே போனால் மறுபடியும் கொண்டு போங்கள்.