பிறக்கப் போகும் குழந்தைக்குக் குரோஷாவில் மேடு பள்ளமாகத் தெரிகிற டிசைனில் ஸ்வெட்டர் போட ஆசை. எந்தத் தையல் நல்லது?

கேள்வியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, போனில் ஒரு படம் பார்த்திருக்கிறீர்கள். உடம்பு பூராவும் குண்டு குண்டாகப் புடைத்துக்கொண்டு, சந்தன நிறத்தில், மரப் பட்டன் வைத்து. அதே படத்தோடுதான் என் நாத்தனாரும் வந்தாள்.

நாங்கள் குன்னூர்ப் பக்கம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தவளுக்கு மார்கழியில் தேதி. "அண்ணி, அச்சு அசல் இதே மாதிரி வேணும்" என்றாள். அது பாப்கார்ன் தையல். ஒரே கண்ணியில் ஐந்து டபுள் (உயரமான தையல்) போட்டு, ஊசியை உருவி, முதல் டபுளின் தலையில் குத்தி நூலை இழுத்து மூடுவது. சுண்டைக்காய் மாதிரி கெட்டியாக நிற்கும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை.

ஒரு சின்னச் சதுரம் போட்டு மேஜையில் வைத்தேன். "இதுமேல கையை ஊனிக்கிட்டு காபியக் குடி" என்றேன். குடித்துவிட்டுக் கையை எடுத்தால் முழங்கைக்குக் கீழே வரிசையாக வட்ட வட்டமாகச் சிவந்து பதிந்திருந்தது. "பச்சைக் குழந்தை மல்லாந்தேதானே கிடக்கும்? அதோட முதுகுல இதை வெச்சுப் பாரு." அப்புறம் அவள் பேசவில்லை.

என் கட்சி இதுதான்: மேடு பள்ளம் எல்லாம் முன்பக்கம் மட்டும். பின்பக்கமும் அக்குளும் சமதளம், வெறும் சிங்கிள் (குள்ளமான சாதாரணத் தையல்) போதும். "எங்க பாட்டி முதுகெல்லாம் குமிழ் வெச்சுத்தான் போட்டாங்க, நான் நல்லாத்தானே வளர்ந்தேன்" என்று ஒருவர் கமெண்டில் வருவார். சந்தோஷம். உங்கள் குழந்தைக்கு நீங்கள் போடுங்கள்.

முன்பக்கத்துக்கு நான் போட்டது லெமன் பீல் என்கிற தையல். இரட்டைப்படையில் கண்ணி எடுத்துக்கொண்டு ஒரு சிங்கிள், ஒரு டபுள் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். அடுத்த வரிசையில் டபுள் தலையில் சிங்கிள், சிங்கிள் தலையில் டபுள். அவ்வளவுதான். பொடிப்பொடியாகச் சொரசொரப்பு வரும், தொட்டால் மெத்தென்று இருக்கும், ஓட்டை விழாது. ஓட்டை விழாதது முக்கியம், ஏனென்றால் லேஸ் மாதிரி போட்டால் குழந்தையின் விரல் உள்ளே போய் மாட்டும். அதேபோல் உள்பக்கம் நூல் முனை தொங்கவே கூடாது. விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுபோகும். பயமுறுத்தச் சொல்லவில்லை, ஒவ்வொரு முனையையும் ஊசியில் கோத்து முன்னும் பின்னுமாக ஓட்டிவிட்டு வெட்டுங்கள்.

நான் சொல்கிற சிங்கிள், டபுள் எல்லாம் அமெரிக்கக் கணக்கு. பிரிட்டிஷ் புத்தகத்தில் இதே சிங்கிளுக்கு டபுள் என்று பேர், டபுளுக்கு ட்ரெபிள். எதைப் பார்த்துப் போடுகிறீர்களோ அது எந்த ஊர்க் கணக்கு என்று முதலில் பாருங்கள்.

இரண்டு பக்கமும் வேறு வேறு தையல் என்பதால் வரிசையை எண்ணிப் பொருத்த முடியாது. சிங்கிள் குள்ளம், அதே உயரத்துக்குக் கூடுதல் வரிசை பிடிக்கும். இரண்டிலும் 10 செ.மீ. சதுரம் போட்டு, துவைத்துக் காயவைத்து, டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். அளவு ஆறு மாதத்துக்கு எடுங்கள். அந்த வயதில் மார்புச் சுற்று சுமார் 43 செ.மீ., ஸ்வெட்டர் 48 இருந்தால் உள்ளே ஜப்லா போடலாம். தலை வழியாக மாட்டுகிற மாதிரி வேண்டாம், முன்பக்கம் திறக்கட்டும். பிறக்கும்போதே தலை 35 செ.மீ. சுற்றளவு இருக்கும், கழுத்து சின்னது, மாட்டுவதற்குள் அது அழுது ஊரைக் கூட்டிவிடும். மரப் பட்டனுக்குப் பதில் டிச் பட்டன், அடியில் ரிப்பன் துண்டு வைத்து இறுக்கித் தையுங்கள். கழுத்தில் கயிறு கட்டுகிற டிசைன் வேண்டவே வேண்டாம்.

நூல்: கடையில் பேபி வுல் என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான். அது ஒன்றும் பாவம் இல்லை, துவைக்கச் சுலபம், எங்கள் ஊர் மூட்டத்திலும் சீக்கிரம் காயும். மொசுமொசுவென்று ரோமம் பறக்கிற நூல் வாங்காதீர்கள், குழந்தை கைப்பட்டையைச் சப்பும். எங்கள் வீட்டுப் பையனின் இடது கைப்பட்டை எந்நேரமும் ஈரம்தான். மொத்த நூலையும் ஒரே லாட் நம்பரில், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்டதாக, ஒரே நாளில் வாங்கிவிடுங்கள்.

இவ்வளவும் யோசித்துப் போட்டால், பெயர் வைத்த அன்று சின்ன மாமியார் ஸ்வெட்டரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முன்னாடி மட்டும் பூவா? பின்னாடிக்கு நூல் மிச்சம் பிடிச்சிட்டாளா?" என்றார். கூடத்தில் அத்தனை பேர் முன்னால். அவர் வாங்கி வந்ததோ மிஷினில் பின்னியது, "கையால் போட்ட குரோஷா" என்று அட்டை வேறு. மிஷினில் பின்னினால் அது கையால் போட்ட குரோஷா ஆகாது அம்மா, குரோஷா போடுகிற மிஷின் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் முயற்சியாக இருக்கிறது. சொன்னேனா? சொல்லவில்லை. அதனால்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை, கற்றுக்கொடுத்தால்தானே தெரியும்? எனக்குப் பள்ளியில் தையல் டீச்சர் இருந்தார். வாரம் ஒரு பீரியட், ஊசி பிடிக்கிற விரலைத் திருத்தித் திருத்தியே கை வசப்பட்டது. இன்று என் மகள் பள்ளி டைம்டேபிளிலும் கைவேலை என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் நடப்பது கணக்கு டெஸ்ட். கேட்டால், "போர்டு எக்ஸாமுக்கு உதவுமா மேடம்?" என்கிறார்கள். போர்டு எக்ஸாமுக்குச் சாம்பார்கூடத்தான் உதவாது, அதற்காக மதியச் சாப்பாட்டை நிறுத்திவிடுவார்களா?

சரி, நீங்கள் எந்த ஊர் என்று சொல்லவில்லை. சென்னை, மதுரை என்றால் ஸ்வெட்டரே வேண்டாம். இதே தையலில் மெல்லிய பருத்தி நூலில் கையில்லாத சட்டை போடுங்கள், ஏசி அறைக்கு ஆகும். மலைப்பக்கமோ பெங்களூரோ என்றால் ஏழாம் மாதத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள், கை இரண்டையும் முதலில் முடித்துக்கொண்டு.