யார் அள்ளுவது?

வணக்கம் சார்,

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், டார் கிரீக் பகுதியில் குவாபா பழங்குடியினர் தங்கள் நிலத்தைத் தாங்களே சுத்தம் செய்வதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். ஈயமும் துத்தநாகமும் தோண்டி லாபம் பார்த்தவர்கள் போய்விட்டார்கள். கழிவை மட்டும் பாதிக்கப்பட்டவர்களே அள்ள வேண்டுமா? இதற்குப் 'பழங்குடி ஞானம்' என்று மாலை போடுவது அநியாயத்தை மூடி மறைப்பதாகாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மாலை வேண்டாம், சரி. அங்கே வேலை பார்ப்பது எக்ஸ்கவேட்டரும் டிப்பர் லாரியும்தான். ஆனால் குவாபா மக்கள் தலையில் யாரும் இந்த வேலையைக் கட்டவில்லை. அவர்களாகக் கேட்டு வாங்கியது.

ஏன் கேட்டார்கள் என்பதற்குப் பழைய கதை இருக்கிறது. 1830களில் ஆர்கன்சாவிலிருந்து துரத்தப்பட்டு வந்து சேர்ந்த மண் இது. கனிமம் கிடைத்ததும் குவாபா நில உரிமையாளர்கள் பலரைச் சொந்தச் சொத்தை நிர்வகிக்கத் 'தகுதியற்றவர்' என்று அறிவித்து, அவர்கள் சார்பில் அரசே குத்தகையை முடித்துக்கொடுத்தது. 1970களில் சுரங்கங்கள் மூடப்பட்டன. மிஞ்சியது சாட் எனப்படும் சரளைக் கழிவு, சில இடங்களில் 200 அடி உயரக் குன்றுகளாக. அதில் பிள்ளைகள் சறுக்கி விளையாடினார்கள். வீட்டு வாசலிலும் பள்ளி மைதானத்திலும் அதையே கொட்டி நிரவினார்கள். 1990களில் ரத்தம் பரிசோதித்தபோது அங்குள்ள பிச்சர் ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்கு ஈயம் அளவுக்கு மேல் இருந்தது.

1983-இல் இந்த இடத்தைச் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் (நச்சுக் கழிவு நிலங்களைச் சுத்தம் செய்யும் மத்திய அரசுத் திட்டம்) சேர்த்தும், வேலை வெளி ஒப்பந்தக்காரர்கள் கையில்தான் இருந்தது. பிச்சர்வாசிகள் இழப்பீடு வாங்கிக்கொண்டு வெளியேற, 2009-இல் அந்த ஊரே கலைக்கப்பட்டது. குவாபா மக்கள் எங்கே போவார்கள்? அதனால்தான், ஒருகாலத்தில் கத்தோலிக்கப் பள்ளி இருந்த 40 ஏக்கரைச் சுத்தம் செய்யும் பொறுப்பை 2013-இல் கேட்டு வாங்கினார்கள். சூப்பர்ஃபண்ட் பணி ஒன்றை ஒரு பழங்குடி அரசே ஏற்று நடத்தியது அதுதான் முதல் முறை. ஒரு லட்சம் டன்னுக்கு மேல் சாட்டை அள்ளினார்கள். இதை ஓசி உழைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மத்திய அரசின் பணம், அவர்களுடைய ஆட்கள், அவர்களுடைய மேற்பார்வை. நிலத்தில் என்ன நடக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் உட்கார்ந்ததைத்தான் நான் பாராட்டினேன்.

உங்கள் கோபம் நியாயமானதுதான், அதைக் காட்ட வேண்டிய இடம் வேறு. மூடிய சுரங்கங்களில் நிரம்பிய தண்ணீர் 1979 முதல் வெளியே வழிந்து ஓடையைத் துருநிறமாக்கிக்கொண்டிருக்கிறது. சாட்டை லாரியில் ஏற்றிவிடலாம், இதை எதில் ஏற்றுவது? அந்தச் செலவு யாருடையது என்று கேளுங்கள், நானும் கூடச் சேர்ந்து கேட்கிறேன்.