ஏரிக்கரைக் குடியிருப்பில் வீடு: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். ஏரிக்கரையில் மூன்று குடியிருப்புகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். வீடுகள் மூன்றுமே நன்றாகத்தான் இருக்கின்றன. எதை வைத்து ஒப்பிடுவது?

ஏரியை வைத்து. சமையலறை பிடிக்காவிட்டால் இடித்துக் கட்டலாம், ஏரியை என்ன செய்வீர்கள்? இயற்கை ஏரியா, அணை போட்டுத் தேக்கிய நீர்த்தேக்கமா, மனை போட்டவர்கள் தோண்டிய குளமா என்று முதலில் கேளுங்கள். இயற்கை ஏரியில் நீர்மட்டம் பெரும்பாலும் பருவத்தை ஒட்டி ஏறி இறங்கும். நீர்த்தேக்கத்தில் மதகு வேறு யார் கையிலோ இருக்கிறது. பாசனத்துக்கோ மின் உற்பத்திக்கோ திறந்துவிட்டால் சில வாரங்களிலேயே தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கி, வாசலுக்கு எதிரே சேறுதான் மிஞ்சும். தோண்டிய குளம் என்றால், வற்றும்போது நிரப்புவது, தூர்வாருவது, காற்றூட்டும் மோட்டாரின் மின்கட்டணம் எல்லாம் குடியிருப்போர் தலையில்.

விளம்பரப் படங்களில் ஏரி எப்போதும் நிறைந்துதான் இருக்கும். நீர்மட்டம் மிகக் குறையும் மாதத்தில் ஒருமுறை நேரில் போங்கள். முடியாவிட்டால் கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பாருங்கள், கரை எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: தண்ணீர் நல்லதா என்று கண்ணால் பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். 20 செ.மீ. விட்டமுள்ள கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை அளப்பார்கள். இதற்குச் செக்கி தட்டு என்று பெயர். 1865-இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்சலோ செக்கி பயன்படுத்திய முறையிலிருந்து வந்தது. 4 மீட்டருக்கு மேல் தெரிந்தால் தெளிந்த ஏரி. 2 மீட்டருக்குள் மறைந்தால் தண்ணீரில் சத்து மிகுந்திருக்கிறது, பாசிக்குக் கொண்டாட்டம். ஆனால் மழை முடிந்த கையோடு அளக்காதீர்கள். அப்போது கலங்கலாக இருப்பது பெரும்பாலும் மண்தான்.

பாசிக்கு முக்கியத் தீனி பாஸ்பரஸ். 1973-இல் கனடாவில் 226 என்று எண்ணிட்ட ஏரியைத் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்து, ஒரு பக்கத்தில் மட்டும் பாஸ்பரஸையும் கலந்தார்கள். அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று மாறிவிட்டது. ஆகவே ஏரிக்குள் என்னென்ன வந்து சேர்கிறது என்று பாருங்கள்: மேட்டில் உள்ள வயல்களின் உரம், புல்வெளி உரம், கழிவுநீர், மழைநீர் வடிகால். தண்ணீர் விளிம்புவரை மழமழவென்று வெட்டிய புல்வெளி படத்துக்கு அழகு, ஏரிக்குக் கேடு. கரையில் நாணலும் புதரும் விட்டு வைத்திருக்கும் குடியிருப்புக்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம் மிதந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். சில வகைகள் நஞ்சை உண்டாக்கும், கொதிக்கவைத்தாலும் அது போகாது. அந்தத் தண்ணீரைக் குடித்த நாய்கள் செத்திருக்கின்றன. இன்னொன்று: காற்று இந்தப் படலத்தை ஒரே கரையில் ஒதுக்கும். ஒரே ஏரியில் எதிரெதிர்க் கரை வீடுகளுக்கு இரண்டு வேறு கோடைகள். காற்று பெரும்பாலும் எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்று கேட்டுவிட்டு, அது போய் முட்டும் கரையைத் தவிருங்கள்.

கேள்வி: “ஏரி முகப்பு மனை” என்கிறார்கள். தண்ணீரில் இறங்கும் உரிமையும் சேர்ந்ததுதானே?

சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மனைக்கும் நீர்விளிம்புக்கும் நடுவே ஒரு பட்டை நிலம் குடியிருப்போர் சங்கத்தின் பெயரிலோ அரசின் பெயரிலோ கிடக்கலாம். அப்படியானால் உங்களுக்குக் கிடைப்பது காட்சி மட்டும். பத்திரத்தின் எல்லை விவரத்தையும் சர்வே வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படகுத்துறை கட்ட, மீன் பிடிக்க, மோட்டார் படகு விட தனித்தனி அனுமதி வேண்டியிருக்கும். வாய்மொழி உறுதி செல்லாது.

கேள்வி: இது “நூறாண்டு வெள்ள” எல்லைக்குள் வரும் மனை என்றார்கள். நூறாண்டுக்கு ஒருமுறைதானே, பயப்பட வேண்டுமா?

அந்தப் பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். 30 ஆண்டு வீட்டுக்கடன் காலத்துக்குள் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம், அதாவது நாலில் ஒன்றுக்குச் சற்று மேல். வீட்டுத் தரைமட்டத்தை ஏரியின் கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிந்து வெளியேறும் இடம்) மட்டத்தோடும், பதிவான உச்ச நீர்மட்டத்தோடும் ஒப்பிட்டு மூன்று எண்களையும் எழுத்தில் வாங்குங்கள். ஏரி வெள்ளம் ஆற்று வெள்ளம்போல் சட்டென வடியாது. வெளியேறும் வாய்க்கால் குறுகலாகவோ ஆக்கிரமிக்கப்பட்டோ இருந்தால் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நிற்கும். அந்த வாய்க்காலோரம் ஒருமுறை நடந்து பாருங்கள்.

கேள்வி: கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதாம். கவலை இல்லைதானே?

அங்கே எத்தனை வீடுகளில் ஆள் இருக்கிறார்கள் என்று கேட்டீர்களா? சுத்திகரிப்பைச் செய்வது நுண்ணுயிர்கள். அவற்றுக்கு அன்றாடம் தீனி வேண்டும். வார நாட்களில் காலியாகக் கிடந்து சனி ஞாயிறு மட்டும் நிரம்பும் விடுமுறைக் குடியிருப்பில் அவை பட்டினி கிடந்து, பிறகு திணறும். அரைகுறையாகச் சுத்தமான நீர் ஏரிக்குள் போகும். கடந்த ஓராண்டின் பரிசோதனை அறிக்கைகளைக் கேளுங்கள்.

செப்டிக் டேங்க் என்றால், அதிலிருந்து வெளிவரும் நீர் மண்ணுக்குள் இறங்கும் படுகைக்குக் கீழே ஒரு மீட்டராவது காய்ந்த மண் இருப்பது நல்லது. கரையோரம் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் பல மனைகளில் அது கிடைக்காது.

கேள்வி: ஓய்வுபெற்ற பின் அமைதியாக இருக்க இடம் தேடுகிறோம். ஏரி என்றாலே அமைதிதானே, ஐயா?

மாலையில் நீர்ப்பரப்பை ஒட்டிய காற்று குளிர்ந்திருந்தால் ஒலி மேலே போகாமல் கீழ்நோக்கி வளையும். அக்கரைப் பாட்டு உங்கள் வராந்தாவில் கேட்கும். அதனால் விடுமுறை நாள் மாலையில் ஒருமுறை, வார நாள் காலையில் ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்கள். மோட்டார் படகுக்கு நேரக் கட்டுப்பாடும் வேக வரம்பும் உண்டா என்பதையும் விசாரியுங்கள். மேற்கே ஏரியைப் பார்த்த வீட்டில் சாயும் வெயில் வானிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் இரண்டு முறை அடிக்கும், அதற்கு ஆழமான தாழ்வாரம் வேண்டும். கரைக்கு இறங்கும் படிகளை எண்ணுங்கள். இன்று உறுத்தாத படிகள் பத்து ஆண்டில் உறுத்தும்.

கேள்வி: கொசு?

அலையடிக்கும் திறந்த நீரில் பெரும்பாலும் வளராது. ஆகாயத்தாமரை அடைத்த ஓரங்களும் தேங்கிய வடிகாலும்தான் அதன் இடம். கரையோர விளக்கை மொய்க்கும், கடிக்காத சிறு பூச்சி வேறு. மஞ்சள் விளக்கு போட்டால் அது குறையும்.

கேள்வி: வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. வாங்கலாமா?

வாங்கலாம், வேலி போட விதி அனுமதித்தால். “காட்சி மறைக்கக் கூடாது” என்று சில சங்கங்கள் வேலிக்கே தடை போட்டிருக்கும். குழந்தை நீரில் மூழ்கும்போது பெரும்பாலும் சத்தமே வராது என்பதால் கண்காணிப்பை மட்டும் நம்ப முடியாது. குறைந்தது 1.2 மீட்டர் உயரம், ஏறக் கால் வைக்க இடமில்லாத செங்குத்துக் கம்பிகள், தானாக மூடிக்கொள்ளும் கதவு வேண்டும். அனுமதி இல்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: மாதச் சந்தா மற்ற இடங்களைவிடக் குறைவாக இருக்கிறது. நல்லதுதானே?

எனக்கு அது சந்தேகத்தைத்தான் தருகிறது. தூர்வாருதல், கரை பலப்படுத்துதல், மதகுப் பழுது மூன்றும் எப்போதோ வரும், வரும்போது பெரிய தொகையாக வரும். சங்கத்தின் சேமநிதி இருப்பு, கடந்த மூன்று ஆண்டு வரவு செலவு, பொதுக்குழுக் கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். சேமநிதி மெலிந்திருந்து, குறிப்புகளில் “வண்டல்”, “கசிவு” என்ற சொற்கள் கூட்டத்துக்குக் கூட்டம் வந்தால், அந்தச் செலவில் உங்கள் பங்கைக் கணக்கிட்டு வீட்டு விலையில் குறைத்துக் கேளுங்கள்.