மொட்டைமாடிக் காகமும் கணக்கில் சேருமா?

கேள்வி: திருச்சியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் பள்ளி ஆசிரியை நான். பிப்ரவரியில் நடக்கும் உலகளாவிய பறவைக் கணக்கெடுப்பில் மாணவர்கள் சிலரோடு கலந்துகொள்ள விரும்புகிறேன். ஆனால் எனக்குப் பதினைந்து பறவைகளுக்கு மேல் அடையாளம் தெரியாது. மாடியிலிருந்து பார்த்தால் காகமும் புறாவும்தான் கண்ணில் படுகின்றன. இப்படிப்பட்ட பட்டியலால் யாருக்குப் பயன்? தெரியாத பறவையை எப்படிக் குறிப்பது?

பதில்: நீங்கள் குறிப்பிடும் 'கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட்' 1998-இல் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் பறவைப் பாதுகாப்பு அமைப்பான தேசிய ஆடுபான் சங்கமும் வட அமெரிக்காவில் தொடங்கியது. 2013-இல் அது, ஆர்வலர்கள் தாங்கள் கண்ட பறவைகளைப் பதிவிடும் இணையதளமான இ-பேர்டோடு இணைந்து உலகம் முழுவதற்குமானதாக விரிந்தபோதே இந்தியாவிலிருந்தும் பட்டியல்கள் செல்லத் தொடங்கிவிட்டன. பிப்ரவரி நடுவில், வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாட்கள் நடக்கும். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் பறவைகளைக் கவனித்து, கண்டவற்றையும் கேட்டவற்றையும் எண்ணிக்கையோடு பதிவிட வேண்டும் என்பதே அடிப்படை விதி. கட்டணம் எதுவும் கிடையாது.

காகமும் புறாவும் மட்டுமே கொண்ட பட்டியலைப் பற்றித் தயங்க வேண்டாம். எங்கும் காணப்படும் பறவை மெல்லக் குறைந்துவருவதை, அது நிறைய இருந்த காலத்திலேயே யாராவது எண்ணி வைத்திருந்தால்தான் கண்டுகொள்ள முடியும். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையை அரிய பறவை என்று எவரும் கருதியதில்லை. ஆனால் ஆர்வலர்கள் இ-பேர்டில் இட்ட மூன்று கோடி பதிவுகளை அலசிய 2023-ஆம் ஆண்டின் இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, அதன் எண்ணிக்கை கணிசமாகச் சரிந்திருப்பதைக் காட்டியது. அதற்கு முந்தைய 2020 அறிக்கை, சிட்டுக்குருவி பெருநகரங்களில் குறைந்தாலும் நாடளவில் பெரும்பாலும் நிலையாகவே இருக்கிறது என்று சொன்னது. இரண்டு முடிவுகளுக்கும் ஆதாரம், உங்களுடையதைப் போன்ற சாதாரணப் பட்டியல்களே.

எனவே பட்டியலை முழுமையாக்குவதில்தான் கவனம் வேண்டும். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் குறித்தீர்களா என்று இ-பேர்ட் செயலி இறுதியில் கேட்கும். காகம் அலுப்பூட்டுகிறது என்று விட்டுவிட்டு மீன்கொத்தியை மட்டும் எழுதியிருந்தால் 'ஆம்' என்று சொல்லக் கூடாது. 'ஆம்' என்ற பதில் இருக்கும்போதுதான், பட்டியலில் இல்லாத பறவை அங்கே தென்படவில்லை என்ற செய்தியும் ஆய்வாளருக்குக் கிடைக்கிறது. எண்ணிக்கைக்குப் பதிலாக எக்ஸ் குறியை இடும் வசதி உண்டு என்றாலும், தோராயமான எண்ணே அதைவிட மேலானது. புறாக் கூட்டம் பறந்தால் பத்துப் பறவைகள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று பார்த்து, அந்த அளவைக் கொண்டு முழுக் கூட்டத்தையும் மதிப்பிடுங்கள். ஒரே செம்பருத்திக்குத் திரும்பத் திரும்ப வரும் தேன்சிட்டை ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ண வேண்டாம். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை தெரிந்தனவோ அதை எழுதுவதே பாதுகாப்பானது.

தெரியாத பறவைக்கு ஊகித்துப் பெயர் சூட்டாதீர்கள். தேன்சிட்டு என்று தெரிகிறது, எந்தத் தேன்சிட்டு என்று தெரியவில்லை என்றால், 'தேன்சிட்டு இனம்' என்ற பொதுப் பதிவைத் தேர்ந்தெடுக்கலாம். அதனால் பட்டியலின் முழுமை கெடாது. பறவைகளை அடையாளம் காண உதவும் மெர்லின் செயலி ஒலியைக் கேட்டுச் சொல்லும் பெயரைக் குறிப்பாக மட்டும் கொண்டு, கண்ணாலோ காதாலோ நீங்களே உறுதி செய்த பிறகே பதிவிடுங்கள். கரிச்சான் வல்லூறைப் போலக் குரல் கொடுக்கக்கூடியது. செயலி ஏமாறுகிற இடம் அது. (மனிதர்களும் ஏமாறுவதுண்டு.)

மாணவர்களோடு செல்லும்போது பலரும் செய்யும் பிழை, ஆளுக்கொரு பட்டியலைத் தனித்தனியே பதிவிடுவது. பத்துப் பேர் பார்த்த ஐந்து மைனாக்கள் அப்போது ஐம்பதாகிவிடும். ஒருவர் மட்டும் பட்டியலிட்டு, அதை மற்றவர்களின் இ-பேர்ட் பயனர் கணக்குகளோடு பகிரும் வசதியைப் பயன்படுத்துங்கள். மொட்டைமாடியில் நின்று பார்த்தால் 'ஓரிடக் கணக்கு' என்றும், வாய்க்கால் கரையோரம் நடந்து சென்றால் 'நடைக் கணக்கு' என்றும் வகைப்படுத்த வேண்டும். நடந்த வழியே திரும்பி வந்தால் ஒரு வழித் தூரத்தை மட்டுமே குறியுங்கள். மாடிக் கணக்கை முடித்துவிட்டு வாய்க்காலுக்குப் போனால் அங்கே புதிய பட்டியலைத் தொடங்க வேண்டும். கூட்டை நெருங்குவதோ, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதோ கூடாது என்பதை முன்கூட்டியே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஜனவரியில் பொங்கல் விடுமுறையை ஒட்டித் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் இதே முறையில் இ-பேர்டில்தான் பதிவாகிறது. செயலியோடு பழகிக்கொள்ள அது நல்ல ஒத்திகையாக அமையும். நீங்கள் இட்ட பறவையோ எண்ணிக்கையோ அப்பகுதிக்கும் பருவத்துக்கும் வழக்கத்துக்கு மாறானதாக இருந்தால், தன்னார்வச் சரிபார்ப்பாளர் ஒருவர் மின்னஞ்சலில் விவரம் கேட்கக்கூடும். அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாமல், அலகின் வடிவம், வாலின் நீளம், எவ்வளவு தொலைவிலிருந்து பார்த்தீர்கள் என்பன போன்ற விவரங்களை எழுதி அனுப்புங்கள். ஐயம் இருந்தால் அந்தப் பதிவை நீங்களே திருத்திவிடலாம்.