2070-ல் வரையாடு எங்கே நிற்கும்? – கேள்வி பதில்

ஆனைமலையில் எடுத்த வரையாட்டுப் படங்களைப் போட்டாலும் போட்டேன், "பூமி சூடாகுதுங்கிறாங்களே, இதெல்லாம் நம்ம பேரப்பிள்ளைங்க பார்க்க இருக்குமா?" என்று கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருப்பூர் தம்பி: அண்ணே, நாளைக்கு மழை வருமான்னே சரியா சொல்ல மாட்டேங்குறாங்க. 2070-ல ஒரு ஆடு எங்க நிக்கும்னு எப்படிச் சொல்றாங்க?

நாளை சாயங்காலம் மழையா என்பது வேறு, சித்திரை மார்கழியைவிடச் சூடாக இருக்கும் என்பது வேறு. இரண்டாவதற்கு ஜோசியம் வேண்டாம் இல்லையா? வரையாட்டைப் பார்த்த இடங்களையெல்லாம் வரைபடத்தில் குறிப்பார்கள். அங்கே எவ்வளவு வெப்பம், எவ்வளவு மழை, எவ்வளவு சரிவு என்று கணினிக்குக் கொடுத்தால், இந்த ஆட்டுக்கு எப்படிப்பட்ட இடம் ஒத்துவரும் என்று அது கண்டுபிடிக்கும். பிறகு 2070-ல் இருக்கக்கூடிய வெப்பத்தையும் மழையையும் கொடுத்து, அப்படிப்பட்ட இடம் எங்கே மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். கடைசியில் வரைபடத்தில் தெரிவது இடம்தான் தம்பி, ஆடு இல்லை. பத்திரிகைகள் கோட்டை விடுவது இங்கேதான்.

மதுரை ஆசிரியை: சூடு கூடினால் இன்னும் மேலே ஏறிவிடாதா சார்?

ஏறும், மலை இருக்கும்வரை. ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். அந்தக் கணக்கில் ஒரு டிகிரி சூட்டைத் தப்பிக்க 150 மீட்டர் ஏறவேண்டும். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமலைப் பக்கத்து உச்சியான ஆனைமுடி 2,695 மீட்டர். அதற்கப்புறம் ஏற ஆகாயம்தான் இருக்கிறது. போகப்போக உச்சி குறுகுவதால் மேயும் புல்லும் குறையும். ஆனைமலை ஆடு நீலகிரிக்குப் போகட்டுமே என்றால், நடுவில் பாலக்காட்டுக் கணவாய். சுமார் 30 கிலோமீட்டருக்கு வயலும் ஊரும் நெடுஞ்சாலையும். பாறையை விட்டு விலகவே யோசிக்கிற பிராணி அதைக் கடக்கும் என்று நான் நம்பவில்லை.

சேலத்திலிருந்து ஒருவர்: இந்த மாதிரி கணிப்பு எங்கேயாவது பலிச்சிருக்கா?

இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன்! கலிஃபோர்னியாவின் யோசமிட்டி மலைகளில் 1914 முதல் 1920 வரை ஜோசப் கிரின்னல் என்ற விலங்கியலாளர் தன் குழுவோடு அலைந்து, எந்த எலி எந்த உயரத்தில் பொறியில் விழுந்தது என்று நோட்டு நோட்டாக எழுதிவைத்தார். அன்றைக்குப் புவி வெப்பமாதல் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நூறு வருஷம் கழித்து வருகிறவனுக்கு உதவும் என்ற நினைப்பில்தான் எழுதினார். அப்படியே ஆயிற்று. கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து அதே மலைகளில் திரும்பப் பொறி வைத்தார்கள். 2008-ல் வந்த முடிவு: 28 சிறு பாலூட்டி இனங்களில் பாதி, சராசரியாக 500 மீட்டர் அளவுக்கு மேலே நகர்ந்திருந்தன. சூடு கூடினால் மேலே ஏறும் என்ற கணக்கு பலித்ததும் பாதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மலைத்தொடரில் பறவைகள் இன்னும் வேடிக்கை காட்டின. சில இனங்கள் கீழே இறங்கியிருந்தன! சூடு மேலே துரத்த, மழை கீழே இழுத்திருக்கிறது. வெப்பத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் திசையே தப்பியிருக்கும்.

நெல்லை மாணவர்: 2050-க்குள்ள மூணுல ஒரு உயிரினம் அழிஞ்சிடும்னு படிச்சேனே?

2004-ல் வந்த ஆய்வு அது. 1,103 இனங்களைப் பார்த்து 15 முதல் 37 சதவீதம் வரை என்றார்கள். 2050-க்குள் செத்துவிடும் என்று அதில் இல்லை. 2050-ல் இருக்கும் நிலைமை அவற்றை மீளமுடியாத பாதையில் தள்ளியிருக்கும், கடைசி உயிர் போக இன்னும் பல காலம் ஆகலாம் என்பதுதான் அர்த்தம். 2015-ல் 131 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, புகையைக் கட்டுப்படுத்தாமலே விட்டால் ஆறில் ஒன்று என்று வந்தது. அதுவும் கொஞ்சமா?

சென்னை அக்கா ஒருவர்: கடலாமைக்கும் இதே கணக்கா தம்பி?

இல்லைக்கா, அது இதைவிடத் தெளிவு. முட்டை கிடக்கும் மணலின் சூடு சுமார் 29 டிகிரியைத் தாண்டினால் பெண் குஞ்சுகளே அதிகம். ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதியில் இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதத்துக்கு மேல் பெண் என்று 2018-ல் கண்டார்கள். பொரிப்பகத்துக்கு மேலே நிழல் வலை கட்டுகிறார்களே, அது இதற்காகத்தான்.

ஊட்டியிலிருந்து ஒருவர்: எங்க ஊர் சீகை மரத்தை அந்தக் கணினி பார்க்குமா?

வெப்பத்தையும் மழையையும் மட்டும் கொடுத்தால் பார்க்காது. சீகையும் (வாட்டில் மரம், சீகைக்காய் இல்லை) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) மூடிய மேடு, வரைபடத்தில் 'ஆட்டுக்கு உகந்த இடம்' என்றே பச்சையாகத் தெரியும். அங்கே போய்ப் பாருங்கள், புல்லே இருக்காது. 2070-ஐ விடுங்கள், வரையாட்டுக்கு இன்றைய தலைவலியே அதுதான்.

வால்பாறை தம்பி: நான் என்னண்ணே செய்யலாம்?

வரையாட்டைப் பார்த்ததாக எழுதும் பதிவுகளெல்லாம் வண்டி நிற்கிற இடத்திலேயே குவிகின்றன. அதை நம்பினால் வரையாட்டுக்குத் தார்ச்சாலை பிடிக்கும் என்று கணினி முடிவுகட்டிவிடும். சாலையில்லாத மேடுகளுக்கு வனத்துறையோடு கணக்கெடுப்புக்குப் போகும்போது தேதி, உயரம், இடம் மூன்றையும் எழுதுங்கள். நாள் முழுக்கச் சுற்றியும் ஒரு ஆடு கண்ணில் படவில்லையா? "படவில்லை" என்று எழுதி, அதற்கும் தேதியும் உயரமும் போடுங்கள்.