சுருக்கத்துக்கு எத்தனை மார்க்? முகமும் கழுத்தும் பற்றிய கேள்விகளுக்கு ஒரு தோல் மருத்துவரின் பதில்கள்

முகச் சுருக்கத்தை மருத்துவர்கள் எப்படி அளக்கிறார்கள் என்பது பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். பாதிப் பேர் ஊசிக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றை ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

செல்வி, திருச்சி: மேடம், எனக்கு 44 வயது. கிளினிக்கில் சீட்டில் "சுருக்கம் – கிரேடு 3" என்று எழுதிக் கொடுத்தார்கள். ராத்திரி தூக்கமே இல்லை. ரொம்ப முற்றிவிட்டதா?

முதலில் நன்றாகத் தூங்குங்கள். எந்த ஸ்கேலில், அதாவது எந்த அளவுகோலில், 3 என்று சொல்லாமல் வெறும் 3 என்பதற்கு அர்த்தமே கிடையாது.

புருவ நடுவில் விழும் கோட்டுக்கு மருந்து ஆய்வுகளில் பெரும்பாலும் 0 முதல் 3 வரை போடுவார்கள். அங்கே 3 தான் உச்சம். மெர்ஸ் என்ற மருந்து நிறுவனத்துக்காக 2008லிருந்து உருவாக்கப்பட்ட, மாதிரிப் படங்களோடு ஒப்பிடும் படத்தொகுப்பு ஸ்கேல்கள் 0 முதல் 4 வரை. அங்கே 3 என்றால் கடுமை, ஆனால் அதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் மடிப்புக்கு 2004இல் வந்த ஸ்கேலில் 1 முதல் 5 வரை. அதில் 3 நட்டநடு. ரிச்சர்ட் ஃபிட்ஸ்பாட்ரிக் 1996இல் கண்ணையும் வாயையும் சுற்றிய சுருக்கத்துக்கு 9 வரை மார்க் வைத்தார். அதில் 3 வாங்கினால் இன்னும் லேசான வகுப்பிலேயே இருக்கிறீர்கள்.

ஆகவே அந்தக் கிளினிக்கிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த ஸ்கேல், முகத்தின் எந்த இடம், முகத்தைச் சும்மா வைத்திருந்தபோது பார்த்ததா அசைக்கச் சொல்லிப் பார்த்ததா. மூன்றுக்கும் பதில் வரவில்லை என்றால் அந்தச் சீட்டுக்காகக் கவலைப்பட வேண்டாம்.

செல்வி மீண்டும்: அதே சீட்டில் "ஃபிட்ஸ்பாட்ரிக் 5" என்றும் இருக்கிறதே? அப்படியென்றால் 9க்கு 5ஆ?

பெரும்பாலும் இல்லை. ஃபிட்ஸ்பாட்ரிக் இரண்டு பேர். தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் ஹார்வர்டில் இருந்தவர்; 1975இல் தோலின் நிறத்தையும் வெயிலில் அது எரியும் விதத்தையும் வைத்து வகை பிரித்தார். சுருக்கத்துக்கு மார்க் போட்டவர் வேறு ஃபிட்ஸ்பாட்ரிக். நம் ஊரில் பெரும்பாலோர் தாமஸின் கணக்கில் 4 அல்லது 5. உங்கள் சீட்டில் இருப்பதும் தோல் வகையாகத்தான் இருக்கும். லேசர் செய்யும் முன் அதைக் கட்டாயம் குறிப்பார்கள், ஏனென்றால் கருமையான தோலில் லேசருக்குப் பிறகு கறுப்புத் திட்டு விழும் ஆபத்து அதிகம்.

அருண், கோவை: சிரித்தால் மட்டும் கண்ணோரம் கோடு விழுகிறது, சிரிப்பை நிறுத்தினால் போய்விடுகிறது. இதைச் சுருக்கம் என்று கணக்கில் எடுப்பார்களா டாக்டர்?

எடுப்பார்கள், ஆனால் தனிக் கணக்கில். தசை சுருங்கும்போது மேலிருக்கும் தோல் அதற்குக் குறுக்கே மடிகிறது. நெற்றித் தசை மேலும் கீழுமாக இழுக்கிறது, அதனால் நெற்றிக் கோடு படுக்கையாக விழுகிறது. கண்ணைச் சுற்றிய தசை வளையமாக ஓடுவதால் கோடு விசிறியாக விரிகிறது. பல வருடம் ஒரே இடத்தில் மடிந்து, வெயிலில் தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதமும் நலிந்தபின், முகம் சும்மா இருக்கும்போதும் கோடு நின்றுவிடும்.

சான்ஃபிரான்சிஸ்கோவின் ரிச்சர்ட் குளோகாவ் 1990களில் வகுத்த நான்கு படிகளின் சாரமே இதுதான்: கோடே இல்லை, அசைத்தால் கோடு, சும்மா இருந்தாலும் கோடு, எங்கு பார்த்தாலும் கோடு. உங்களுடையது இரண்டாம் படி. போடாக்ஸ் ஊசி தசையைத் தளர்த்துவதால் அசைவில் விழும் கோட்டில்தான் அதன் வேலை நன்றாகத் தெரியும். எனவே ஒரே நெற்றிக்கு, அசைவில் ஒன்று, சும்மா இருக்கும்போது ஒன்று என இரண்டு மார்க் எழுதாத மருத்துவர் பாதிதான் அளந்திருக்கிறார் என்பேன்.

எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவர், மதுரை: மேம், எவ்வளவு சொன்னாலும் இதெல்லாம் கண்பார்வை மதிப்பீடுதானே? இன்று 2 என்பவர் நாளை 3 என்பார். இதை வைத்து மருந்துக்கு அனுமதி எப்படித் தருகிறார்கள்?

நல்ல சந்தேகம் தம்பி. கண்பார்வைதான், ஆனால் கட்டுப்பாட்டோடு கூடியது. வெறும் "லேசு, மிதம், கடுமை" என்ற சொற்களை வைத்தால் ஆளுக்கொரு அர்த்தம் கொள்வார்கள். அதனால் ஒவ்வொரு படிக்கும் மாதிரிப் படங்கள் வைக்கிறார்கள். லெம்பர்லே குழு 2001இலேயே முகத்தின் பல இடங்களுக்கு 0 முதல் 5 வரை அப்படி வகுத்தது. பிறகு ஒரே படக்கட்டைப் பல மருத்துவர்களிடம் கொடுத்து மார்க் போடச் சொல்வார்கள். சில வாரம் கழித்து வரிசையைக் கலைத்து அதே படங்களை மீண்டும் கொடுப்பார்கள். ஒருவர் தன்னோடு எவ்வளவு ஒத்துப்போகிறார், மற்றவரோடு எவ்வளவு ஒத்துப்போகிறார் என்று இரண்டும் கணக்கிடப்படும். நீங்கள் சமூக மருத்துவத்தில் படித்த கப்பா எண் இங்கே வரும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுப் பார்க்கும் எண் அது, 0.6க்கு மேல் நல்ல ஒற்றுமை, 0.8க்கு மேல் மிக நல்லது என்பது 1977இலிருந்து வழக்கம். சுருக்க ஸ்கேல்களில் எடையிட்ட கப்பா போடுவார்கள், ஏனென்றால் 2ஐ 3 என்பதும் 0வை 4 என்பதும் ஒரே அளவு தவறு இல்லை.

அனுமதிக்கு வருவோம். அளவுகோல் ஒன்றாகவே இருந்தாலும் "வெற்றி" எது என்ற எல்லையை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2002இல் போடாக்ஸ் புருவ நடுக் கோட்டுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்றது. முழு பலத்தோடு புருவத்தைச் சுளிக்கும்போது கோடு இல்லை அல்லது லேசு என்று மருத்துவர் மதிப்பிட்டால் போதும்; 30ஆம் நாளில் சுமார் 80 சதவீதம் பேர் தேறினார்கள், மருந்தில்லாத வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களில் 3 சதவீதம். 2011இல் அதே புருவக் கோட்டுக்கு அனுமதி பெற்ற, போடாக்ஸ் போன்ற இன்னொரு மருந்தான சியோமினின் இரண்டு ஆய்வுகளில் வெற்றிக்கான எல்லை மேலே ஏற்றப்பட்டது: குறைந்தது இரண்டு படி இறங்க வேண்டும், அதை மருத்துவரும் சொல்ல வேண்டும், ஊசி போட்டுக்கொண்டவரும் சொல்ல வேண்டும். தேறியவர்கள் 60, 48 சதவீதம். 80ஐயும் 60ஐயும் பக்கத்தில் வைத்து முதல் மருந்து பலமானது என்று சொன்னால் அது விற்பனைப் பேச்சு. பரீட்சையே வேறு. விளம்பரத்தில் "90 சதவீதம் பேருக்கு முன்னேற்றம்" என்று பார்த்தால், எத்தனை படி முன்னேற்றம், யார் சொன்னது என்று தேடுங்கள். ஒரு படி, அதுவும் ஊசி போட்ட மருத்துவரே சொன்னது என்றால் அந்த எண்ணுக்கு நான் அதிகம் மதிப்புக் கொடுப்பதில்லை.

மலர்விழி, சிங்கப்பூர்: கழுத்தில் சின்ன வயதிலிருந்தே வளையம் மாதிரி கோடு. இப்போது 35. இதையும் முகத்தைப் போலவே அளப்பார்களா அக்கா?

கழுத்தை ஒரே மார்க்கில் அடக்க முடியாது. படுக்கையாக ஓடும் வளையக் கோடுகள் ஒன்று. இவை இளம் வயதிலேயே, சிலருக்குப் பிறந்ததிலிருந்தே இருக்கும், தோல் இயல்பாக மடியும் இடம். தாடையிலிருந்து கழுத்துப்பட்டை எலும்பை நோக்கி நெட்டுவாக்கில் கயிறுபோல் எழும் பட்டைகள் இன்னொன்று. அவை பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய தசையின் விளிம்புகள். தோல் தொய்வும் தாடைக்கடியில் கொழுப்பும் மூன்றாவது, நான்காவது. வளையத்துக்கு ஒரு ஸ்கேல், பட்டைக்கு வேறு ஸ்கேல் என்று தனித்தனியாக இருக்கின்றன. பட்டையைப் பார்க்கும்போது பல்லைக் கடித்து வாயோரத்தைக் கீழே இழுக்கச் சொல்வோம், அப்போதுதான் அது முழுதாக எழும். 2024 அக்டோபரில் எஃப்.டி.ஏ. போடாக்ஸை இந்தப் பட்டைகளுக்கும் அனுமதித்தது. வளையக் கோட்டுக்கு அல்ல; இதைக் குழப்பி விற்பவர்கள் உண்டு.

சின்ன வயதிலிருந்தே இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் உங்களுடையது மூப்பின் அளவு அல்ல, உங்கள் கழுத்தின் அமைப்பு. மொபைலைக் குனிந்து பார்ப்பதால் வருகிறது என்ற பேச்சு விளம்பரங்களில் ஓடுகிற வேகத்துக்கு ஆய்வுகளில் ஓடவில்லை.

பெயர் வேண்டாம், சென்னை: அழகு நிலையத்தில் ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்துப் படம் எடுத்தார்கள். "தோல் வயது 52" என்று வந்தது. எனக்கு 41. உடனே ஆறு சிட்டிங் பேக்கேஜ் சொன்னார்கள்.

பேக்கேஜ் வருமென்று முதல் வரியிலேயே தெரிந்தது.

அந்த வகைக் கேமராக்கள் கோடு, துளை, கறையை எண்ணி, ஒரு படத் தொகுப்பில் இருப்பவர்களோடு உங்களை ஒப்பிட்டு இடம் சொல்லும். தொகுப்பில் உங்கள் நிறமும் உங்கள் ஊர் வெயிலும் உள்ள முகங்கள் போதுமான அளவு இருந்தால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள். கருவி பயனற்றது என்று சொல்லவில்லை. ஆராய்ச்சியில் முகத்தின் மேல் ஒளிக்கோடுகளைப் பாய்ச்சி, அவை வளையும் அளவை வைத்துச் சுருக்கத்தின் ஆழத்தை மைக்ரான் கணக்கில் எடுக்கிறார்கள். அதற்கு முந்தைய காலத்தில் சிலிக்கோன் பசையைத் தடவி அச்செடுத்து அளந்தார்கள். அந்த நுட்பத்திலும் ஒரு சிக்கல்: உலர்ந்த தோலில் மெல்லிய கோடு அதிகம் தெரியும், மாய்ஸ்சரைசர் தடவினால் சற்று நேரத்தில் குறையும். காலையில் ஏ.சி. அறையிலிருந்து நேராகப் போனீர்களா, முகம் கழுவித் துடைத்தார்களா? இதிலேயே எண் நகரும்.

கார்த்திக், சேலம்: "முன்–பின்" படங்களை நம்பலாமா?

சுவர்ப் பூச்சு சரியா என்று பார்க்கும் மேஸ்திரி டார்ச்சைச் சுவரோரமாகச் சாய்த்துப் பிடிப்பார், ஒவ்வொரு மேடுபள்ளமும் நிழலாகத் தெரியும். நேரே அடித்தால் சுவர் மட்டமாகத் தோன்றும். முகமும் அப்படியே. "முன்" படத்தில் விளக்கு மேலிருந்தும் "பின்" படத்தில் நேரிலிருந்தும் வந்தால் ஊசியே வேண்டாம், இரண்டு படி இறங்கிவிடும். கழுத்துப் படத்தில் முகவாய் உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். முகவாயைத் தூக்கினால் வளையம் விரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநரின் மகள், நாமக்கல்: அப்பாவுக்கு முகத்தின் வலப்பக்கம் மட்டும் சுருக்கம் அதிகம். ஏதாவது நோயா?

நேரில் காட்டுங்கள், ஆனால் காரணம் ஜன்னலாக இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012இல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. அவருக்கு இடப்பக்கம் ஆழமான மடிப்புகள், வலப்பக்கம் பல வயது இளமை. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம், நமக்கு வலப்பக்கம். வெயிலில் உள்ள யு.வி.ஏ. என்ற புற ஊதாக் கதிர் பக்கக் கண்ணாடியைத் தாண்டி வரும். அப்பாவுக்கு முகத்தின் இரு பக்கத்துக்கும் தனித்தனி மார்க் எழுதச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு நல்ல சேதி உண்டு. ஆஸ்திரேலியாவின் நம்போர் நகரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரிடம், கையின் பின்புறத்தை சிலிக்கோன் அச்செடுத்து ஆய்வு செய்தார்கள். தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களுக்கு நாலரை வருடத்தில் தோல் மூப்பு மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவு. சுருக்கத்தை ஒழுங்காக அளந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது. தற்போது ஓட்டுபவர்கள் முழுக்கைச் சட்டையோடு சன்ஸ்கிரீனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜெயந்தி, யாழ்ப்பாணம்: கருமையான தோலுக்கு வெள்ளையர் படங்களை வைத்து மார்க் போடுவது சரியா டாக்டர்?

முழுக்கச் சரியில்லை. நிறம் தரும் மெலனின் அதிகமுள்ள தோலில் மெல்லிய சுருக்கம் தாமதமாக வருகிறது. வெயிலின் பாதிப்பு முதலில் கரும்புள்ளியாகவும் நிறச் சீரின்மையாகவும் தெரிகிறது. சுருக்கத்தை மட்டும் எண்ணினால் நமக்கு மார்க் நன்றாக இருக்கும், வெயில் செய்த சேதம் கணக்கில் விழாது. அதனால் நான் நிறத்தை எப்போதும் தனியாகக் குறிக்கிறேன்.

சுமதி, ஈரோடு: முகப் பயிற்சி செய்தால் கிரேடு இறங்குமா?

2018இல் ஒரு சின்ன ஆய்வு வந்தது. 40 முதல் 65 வயதுப் பெண்கள் 20 வாரம் செய்தார்கள். 27 பேரில் 16 பேர்தான் முடித்தார்கள். படத்தொகுப்பு ஸ்கேலில் கன்னத்தின் மேலும் கீழும் நிரம்பியதாகத் தெரிந்தது, சுருக்கக் கோடுகளில் பெரிதாக எதுவும் இல்லை. ஒப்பிடப் பயிற்சி செய்யாத குழுவும் இல்லை. செலவில்லாத விஷயம், செய்ய விருப்பமிருந்தால் செய்யுங்கள்.

ரேவதி, தஞ்சாவூர்: டாக்டர் "உங்களுக்கு 1 தான், எதுவும் வேண்டாம்" என்கிறார். எனக்கோ கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. யார் சொல்வது சரி?

இரண்டும். அவர் கோட்டை அளந்தார், நீங்கள் உங்கள் மனக்குறையைச் சொல்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தே நகரும் என்பதில்லை. இதற்காகவே ஃபேஸ்-க்யூ என்ற கேள்வித்தாள் தொகுப்பு இருக்கிறது. நோயாளி தன் தோற்றம் பற்றிச் சொல்வதை 0 முதல் 100 வரை மாற்றித் தரும். கிரேடு 1க்கு ஊசி போட்டாலும் இறங்க இருப்பது ஒரே படி. கண்ணாடியைத் தவிர்க்கிற அளவு வருத்தம் என்றால், ஊசிக்கு முன் அதைப் பற்றி ஒரு மனநல மருத்துவரிடம் பேசுவதுதான் என் யோசனை.

பாலா, திருநெல்வேலி: என் 19 வயதுத் தம்பிக்குப் பின்கழுத்தில் தடித்து, கறுத்து, கோடுகோடாக வெல்வெட் மாதிரி இருக்கிறது. என்ன கிரேடு?

இது சுருக்கக் கணக்கில் வராது பாலா. விவரிப்பைப் பார்த்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது வரும் தோல் மாற்றம் போல இருக்கிறது. தேய்த்துக் கழுவினாலும் போகாது. எடையையும், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சியையும் பார்த்துவிட்டு அருகில் உள்ள பொது மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். க்ரீம் வாங்குவது அதற்குப் பிறகு.