முற்றத்துக்கும் கடற்கரைக்கும் ஒரு கரப்பந்து வலை: கேட்டவையும் சொன்னவையும்

பாடசாலை விடுமுறை தொடங்கினால் போதும், "சேர், வீட்டுக்கு ஒரு வலை வாங்கப் போகிறோம், எதை வாங்கலாம்?" என்று கேட்டு யாராவது வந்துவிடுவார்கள். முப்பது வருடமாகப் பாடசாலை மைதானங்களில் வலை கட்டி அவிழ்த்த ஆள் நான். இப்போது மட்டக்களப்பு கல்லடியில் பேரப்பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்கிறேன். கேள்விகளை மொத்தமாக அனுப்புங்கள் என்றேன், அனுப்பினார்கள். பெரும்பாலோர் வலையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். கம்பம், கயிறு, முளை பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் ஆசையாக வாங்கிய செட் ஒரே மாதத்தில் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்வது அந்த மூன்றாலும்தான்.

சேர், எங்களுக்கு எட்டு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் பிள்ளைகள். நானும் கணவரும் சேர்ந்து விளையாடுவோம். வலை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? (களுவாஞ்சிகுடி)

போட்டிகளில் ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். இரண்டுமே உங்களுக்கு வேண்டாம் மகள். எட்டு வயதுப் பிள்ளை 2.43 மீற்றர் வலைக்குக் கீழே நின்றால் அண்ணாந்து பார்ப்பதுதான் அவனுக்கு விளையாட்டு. 2 மீற்றரில் தொடங்குங்கள். 1895இல் அமெரிக்காவில் வில்லியம் மோர்கன் இந்த விளையாட்டை உண்டாக்கியபோது கட்டிய வலையே 6 அடி 6 அங்குலம்தான், அதாவது 2 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. கூடைப்பந்து ஆடி மூச்சு வாங்கிய நடுவயதுக்காரர்களுக்காக அவர் யோசித்த விளையாட்டு இது. ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாங்கும்போது கம்பத்தை எத்தனை உயரங்களில் பூட்டலாம் என்று பாருங்கள். சில செட்களில் ஆண்கள், பெண்கள், கலப்பு என்று மூன்றே துளைகள் இருக்கும். 2 மீற்றருக்குக் கீழும் இறங்கக்கூடியதுதான் உங்கள் வீட்டுக்குச் சரி.

பட்மின்டனுக்கும் கரப்பந்துக்கும் சேர்த்து ஒரே பையில் வரும் செட் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? (சாய்ந்தமருது)

நானும் ஒருமுறை எடுத்தேன். இரண்டாம் நாள் பின்னேரம், பேரன் அடித்த பந்து வலையின் மேல்பட்டியில் பட்டது. கம்பத்தின் பிளாஸ்ரிக் பூட்டு வழுகி, மேல்துண்டு கீழ்துண்டுக்குள் "சர்" என்று இறங்கிவிட்டது. நல்ல காலம், யாருடைய விரலும் அகப்படவில்லை.

காரணம் எளிது. இறகுப்பந்தின் எடை 5 கிராம் அளவு. கரப்பந்து 260 முதல் 280 கிராம். ஐம்பது மடங்குக்கு மேல்! பட்மின்டன் வலை கம்பத்தடியில் 1.55 மீற்றர் உயரத்தில் நிற்கிறது, கரப்பந்து வலை அதைவிட உயரத்தில், பல மடங்கு இறுக்கத்தில் நிற்க வேண்டும். விரல் தடிப்புக் கம்பத்தால் இரண்டையும் தாங்க முடியாது. சின்னப் பிள்ளைகள் காற்றுப் பந்தைத் தட்டி விளையாட மட்டும் என்றால் எடுங்கள். வீட்டில் ஒருவராவது பலமாக அடிப்பவர் இருந்தால் வேண்டாம். ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத கம்பம், உலோகக் குமிழ் துளைக்குள் வந்து பூட்டும் வகை, ஒவ்வொரு கம்பத்துக்கும் இரண்டு இழுகயிறு (கம்பம் சாயாமல் நிலத்து முளையோடு இழுத்துக் கட்டும் கயிறு). இந்த மூன்றும் இருந்தால் வலையின் நிறம் எதுவானாலும் பரவாயில்லை.

பாசிக்குடாவுக்குப் போனபோது கட்டினோம். பத்து நிமிடத்தில் முளை எல்லாம் கழன்று வந்துவிட்டது. மணலில் எப்படித்தான் கட்டுவது? (ஏறாவூர்)

செட்டோடு வரும் முளை புல்தரைக்குச் செய்தது. காய்ந்த மணல் அதைப் பிடிக்காது. அலவாங்கை அடித்துக் கட்டினாலும் கொஞ்ச நேரத்தில் சாய்ந்துவிடும்.

ஓர் உரப்பையை மடித்துக் கொண்டு போங்கள், பாரமே இல்லை. அங்கே போய் அதில் அரைவாசி மணலை நிரப்பி, வாயைக் கட்டி, இழுகயிற்றைப் பையின் நடுவில் சுற்றிக் கட்டுங்கள். ஒன்றரை இரண்டு அடிக் குழி தோண்டிப் பையைப் படுக்கவைத்து மூடி, நன்றாக மிதித்து, ஒரு வாளி கடல்நீர் ஊற்றுங்கள். கயிறு இழுக்கும்போது பை மட்டும் வராது. மேலே உள்ள மணல் முழுவதையும் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். ஈரமணல் லேசில் விடாது. பை இல்லாவிட்டால் கை நீள விறகுக்கட்டை ஒன்றும் போதும். நான்கு இழுகயிற்றுக்கும் நான்கு பை.

இன்னொன்று. கம்பத்தை நேராக நிறுத்திவிட்டு வலையை இழுத்தால் கம்பம் உள்ளே சாயும், நடுவில் வலை தொய்யும். தொடக்கத்திலேயே இரண்டு கம்பத்தையும் கொஞ்சம் வெளிப்பக்கம் சரித்து நிறுத்துங்கள். மேல்கயிற்றை முதலில் இறுக்குங்கள். இறுக இறுகக் கம்பம் நேராகிவிடும். கீழ்க்கயிறு கடைசியில். இழுகயிறு இரண்டையும் கம்பத்திலிருந்து 'வி' வடிவில் விரித்து, கம்பத்தின் உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான தூரத்தில் புதையுங்கள்.

திரும்பும்போது பையைத் தோண்டி எடுத்துக் குழியை மூடிவிட்டு வாருங்கள். இருட்டில் யாராவது கால் வைப்பார்கள்.

எங்கள் பக்கம் மணல் இல்லை. கோடையில் நிலம் கல் மாதிரி. (வெல்லாவெளி)

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் களிமண்ணை எனக்குத் தெரியும் தம்பி. முளைக்கு, கொங்கிறீற்றுக்குப் போடும் 12 மில்லிமீற்றர் கம்பியை இரண்டு அடித் துண்டாக வெட்டி, மேல்நுனியைக் கொக்கி மாதிரி வளைத்து வாங்குங்கள். முதல் நாள் இரவு முளை அடிக்கும் நான்கு இடத்திலும் தண்ணீர் ஊற்றிவிட்டால் காலையில் சுத்தியலுக்கு இறங்கும். கம்பத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடியுங்கள். வெளியே நிற்கும் கொக்கிக்கு மேல் பழைய செருப்பையோ ரயர்த் துண்டையோ கட்டிவிடுங்கள். பிள்ளைகளின் காலில் அதுதான் முதலில் குத்தும்.

சுவிஸில் இருக்கும் மாமா சித்திரை வருடத்துக்கு வருகிறார். என்ன வேண்டும் என்று கேட்கிறார். முழுச் செட்டையும் கொண்டுவரச் சொல்லவா? (கல்முனை)

மாமாவின் பயணப்பையில் கம்பத்துக்கு இடம் கேட்டால் மாமிக்குத்தான் கோபம் வரும். பல விமானங்களில் பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். மூன்று துண்டுக் கம்பம் அதில் இடிக்கும், எடையும் தின்னும். வலை, இழுகயிறு, கயிறு இறுக்கும் கொளுவிகள் இவற்றை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். நல்ல தடித்த நூல் வலை, நான்கு பக்கமும் பட்டி தைத்தது, மேலே கயிறு ஓடுவது. சுருட்டினால் ஒரு தலையணை அளவுதான்.

கம்பத்தை இங்கே ஹாட்வெயார் கடையில் எடுக்கலாம். ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய் (நாகம் பூசிய இரும்புக் குழாய்), 20 அடி நீளத்தை இரண்டாக வெட்டினால் இரண்டு கம்பம். முற்றத்தில் 2 அங்குலக் குழாய்த் துண்டு இரண்டைக் கொங்கிறீற்றில் புதைத்துவிட்டால், விளையாடும்போது கம்பத்தைச் செருகி, முடிந்ததும் கழற்றி மதிலோரம் வைக்கலாம். ஓட்டையை மூடி வையுங்கள். இது பாரம், பஸ்ஸில் கொண்டு திரிய முடியாது. வீட்டில்தான் விளையாட்டு என்றால் இதைவிட உறுதியானது கிடையாது.

பழைய மீன் வலை வீட்டில் நிறையக் கிடக்கிறது. அதையே கட்டினால் என்ன? (வாழைச்சேனை)

தங்கூசி வலை, அதாவது மெல்லிய ஒற்றை இழை நைலோன் வலை என்றால் கட்டவே வேண்டாம். பின்னேர வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது, ஓடி வந்து பாய்ந்தால் முகத்தையும் விரலையும் வெட்டும். தடித்த நூல் வலை என்றால் சரி. கண் பெரிதாக இருக்கட்டும். கரப்பந்து வலையின் கண் 10 சென்ரிமீற்றர். ஒரு மீற்றர் அகலத்தில் வெட்டி, மேலே வெள்ளைத் துணிப்பட்டி தைத்து, அதற்குள் நைலோன் கயிறு ஓடவிடுங்கள். உங்கள் ஊரில் வலை பொத்துகிறவர்களுக்கு இது ஒரு காலை வேலை. கடையில் வாங்குவதைவிட நன்றாகவே வரும் என்பது என் எண்ணம்.

மதிலுக்குள் நாங்கள் பெண்கள் மட்டும் இரவில் விளையாட நினைக்கிறோம். முற்றம் 35 அடி நீளம். போதுமா சேர்? (காத்தான்குடி)

பெரிய வலை வேண்டாம் தங்கச்சி. 32 அடி வலைக்கு இரு பக்கமும் இழுகயிற்றுக்கு 6 அடி விட்டால் 44 அடி ஆகிறது. பலர் இந்தக் கணக்கை வாங்கிய பிறகுதான் போடுகிறார்கள். 20 அடி வலை எடுத்தால் இரு பக்கமும் சேர்த்து 32 அடிக்குள் முடியும். ஒரு பக்கம் மதிலில் இரும்பு வளையம் பொருத்திக் கட்டினால் இன்னும் மிச்சம். ஆனால் மதிலுக்குள் கம்பி போட்டுக் கட்டிய தூண் இருக்கும் இடத்தில் பொருத்துங்கள், வெறும் கல்லில் வேண்டாம். உயரம் 2.10 மீற்றர் வைத்துப் பாருங்கள். விளக்கை வலையின் இரு முனைக்கும் மேலே, பக்கவாட்டில் வையுங்கள். மைதானத்தின் பின்னால் வைத்தால் எதிரில் நிற்பவருக்குக் கண் கூசும்.

எந்தத் திசையில் கட்ட வேண்டும்? கச்சான் காற்றில் பந்து எங்கேயோ போகிறது. (திருக்கோவில்)

வலையைக் கிழக்கு மேற்காகக் கட்டுங்கள். அணிகள் வடக்கிலும் தெற்கிலும் நிற்கும். காலையில் கடல் வெயிலும் மாலையில் மேற்கு வெயிலும் யாருடைய கண்ணிலும் நேராக அடிக்காது. நமது கிழக்குக் கடற்கரையில் இன்னொரு வசதி: கடல் காற்றும் மேற்கிலிருந்து வரும் கச்சானும் வலை ஓடும் திசையிலேயே வீசும். குறுக்கே கட்டினால் வலை பாய் மாதிரிக் காற்றைப் பிடித்துக் கம்பத்தை இழுக்கும். கடல் காற்று பந்தைக் கரைக்குத் தள்ளும், அது நல்லது. கச்சான் கடலுக்குத் தள்ளும். அதற்கு நீந்தத் தெரிந்த ஒரு மச்சானை அந்தப் பக்கம் நிறுத்துவதைத் தவிர வழி இல்லை.

வலை இரண்டு வருடமாவது இருக்க என்ன செய்ய வேண்டும்? (அக்கரைப்பற்று)

கடற்கரையால் வந்ததும் நல்ல தண்ணீரில் கம்பத்தையும் கொளுவியையும் கழுவுங்கள். அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். உள்ளே இருக்கும் இரும்பு வில் துருப்பிடிக்கும், பூட்டுக்குள் மணல் இறுகும். வலையை நிழலில் காயவிடுங்கள். வெயிலில் மாதக்கணக்காகத் தொங்கும் வலை நூல் நூலாக உதிரும்.

முற்றத்தில் இரண்டு தென்னை சரியான தூரத்தில் நிற்கிறது. அதில் கட்டலாமா? (ஆரையம்பதி)

கட்டலாம். கயிறு உரசும் இடத்தில் சாக்கைச் சுற்றிவிடுங்கள். தேங்காய் பறிக்கிறவரைக் கூப்பிட்டுக் குலையை இறக்கிய பிறகு கட்டுங்கள்.